எதிர்ப்பக்கம் சுற்றிய மோட்டார்கள்

நவம்பர் 17, வியாழன்

புயல் கரையைக் கடந்துவிட்டதாக ரேடியோவில் சொன்னார்கள். கடந்த வழியில் கொன்றையூர் இருந்தது. எங்கள் பிரிவில் எத்தனை கம்பங்கள் விழுந்தன என்று மேலிடத்திலிருந்து கேட்டார்கள். நிற்பவற்றை எண்ணிச் சொல்கிறேன், அது சீக்கிரம் முடியும் என்று நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. இந்த ஊர்க் கரண்ட் ஆபீசில் உதவிப் பொறியாளராகச் சேர்ந்து ஏழு மாதம்தான் ஆகிறது.

தென்காசியிலிருந்து அம்மா கூப்பிட்டாள். நான் உயிரோடு இருப்பதை உறுதி செய்துகொண்டு மாப்பிள்ளை விஷயத்துக்கு வந்தாள். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. போட்டோ அனுப்பியிருக்கிறாளாம். டவர் சரியில்லாததால் படம் நெற்றி வரைதான் இறங்கியது. நல்ல நெற்றி.

நவம்பர் 19, சனி

இரண்டு நாளாகக் குளத்துக்கரை வளைவில் வேலை. புளியமரம் ஒன்று பிரதான லைன் மேல் விழுந்து நான்கு கம்பங்களை ஒடித்துவிட்டது. கம்பிகள் மூன்றும் சேற்றில் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. ஊருக்கு வரும் மின்சாரம் முழுவதும் அந்த மூன்று கம்பிகள் வழியாகத்தான் வருகிறது. புதுக் கம்பம் நட்டு, கம்பி இழுத்து, கடைசியாகப் பழைய கம்பியோடு புதுக் கம்பியை இணைக்கும்போது மாலை ஆகிவிட்டது. மழை விடவில்லை.

போர்மேன் அடைக்கலம் அண்ணன் கம்பத்தின் மேலிருந்து ஏதோ கேட்டார். அதே நேரத்தில் போனில் அம்மா. மாப்பிள்ளை வீட்டார் டிசம்பர் 4, ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருகிறார்கள், லீவு போட்டுவிட்டு வா என்றாள். வேண்டாம் என்று கையை ஆட்டினேன். போனில் கை தெரியாது என்பது பிறகுதான் உறைத்தது.

ஆறு மணிக்குள் ஊருக்கு வெளிச்சம் வந்துவிட்டது. மூன்று கம்பியிலும் மின்னழுத்தம் சரியாக இருந்தது. கடைவீதியில் விளக்கு எரிந்ததும் ஜனங்கள் கைதட்டினார்கள். டீக்கடைக்காரர் எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் டீ கொடுத்தார். இந்த வேலையில் கைதட்டல் உண்டு என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

நவம்பர் 20, ஞாயிறு

துணி துவைத்தேன். காயவில்லை.

நவம்பர் 21, திங்கள்

காலையில் ரைஸ்மில் நைனா முகமது வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். மில் மோட்டார் எதிர்ப்பக்கமாகச் சுற்றுகிறதாம். நெல்லைப் போட்டால் அரிசி வர வேண்டிய வாயில் ஒன்றும் வராமல், நெல் போட்ட வாயிலிருந்து தூசி கிளம்புகிறதாம். அதை ஒரு புகாராக இல்லாமல் செய்தியாகவே சொன்னார்.

எங்கள் வயர்மேனை அனுப்பினேன். மும்முனை மோட்டாரில் மூன்று ஒயர்களில் ஏதாவது இரண்டை மாற்றிப் போட்டால் சுற்றும் திசை மாறிவிடும். பத்து நிமிட வேலை. மாற்றிவிட்டு வந்தான்.

பதினொரு மணிக்கு மரவாடிக்காரர். ரம்பம் பின்னோக்கி ஓடுகிறது. மதியம் மேல்நிலைத் தொட்டி ஆபரேட்டர். மோட்டார் ஓடுகிறது, தொட்டி நிறையவில்லை. சாயங்காலம் இரண்டு மாவு மில்.

புயல் மோட்டாருக்குள் புகுந்துவிட்டது என்றார் அடைக்கலம் அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஒரு மோட்டார் என்றால் மோட்டாரின் தவறு. ஐந்து மோட்டார் என்றால் மோட்டாரின் தவறாக இருக்க முடியாது. நாளைக்கு யோசிக்கலாம்.

நவம்பர் 22, செவ்வாய்

யோசிக்கவில்லை. பில் கவுன்ட்டர் கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை, அதிலேயே பொழுது போய்விட்டது.

டீக்கடையில் நைனா முகமது பாய் பிடித்துக்கொண்டார். அவருக்கு நேற்றிலிருந்து ஒரு சந்தேகமாம். வீட்டுக்கு ஒரு கம்பியில் கரண்ட் கொடுக்கிறீர்கள், விளக்கு எரிகிறது, டிவி ஓடுகிறது. மெயின் லைனில் மட்டும் எதற்கு மூன்று? எங்கே போனாலும் மூன்று மூன்றாகத்தான் தொங்குகிறது, அந்தப் பெரிய டவரில்கூட மூன்றும் மூன்றும் ஆறு. ஒன்றைத் தடிமனாகப் போட்டால் ஆகாதா?

எனக்குக் கல்லூரியில் பிடித்த பாடம் அது. ஏழு மாதத்தில் யாரும் கேட்டதில்லை. அதனால் கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டேன்.

ஒற்றைக் கம்பியில் வரும் மின்சாரத்தின் வேகம் ஒரே சீராக இருக்காது, ஏறி இறங்கும், நொடிக்கு நூறு முறை ஒன்றுமில்லாமல் போகும் என்றேன். விளக்குக்கு அது தெரியாது. பெரிய மோட்டாருக்குத் தெரியும், அதிரும். தானாகக் கிளம்பவும் செய்யாது, யாராவது தள்ளிவிட வேண்டும். மூன்று கம்பி என்றால் ஒன்று இறங்கும்போது இன்னொன்று ஏறிக்கொண்டிருக்கும். மூன்றையும் கூட்டிப் பார்த்தால் எந்த நொடியும் ஒரே அளவுதான். உலக்கையை மூன்று பேர் மாற்றி மாற்றிப் போடுவதுபோல, உரலுக்கு ஓய்வே கிடையாது.

அது மட்டுமில்லை. மின்சாரம் போனால் திரும்பி வர வேண்டும். ஒவ்வொன்றுக்கும் போக ஒரு கம்பி, வர ஒரு கம்பி என்றால் மூன்றுக்கு ஆறு கம்பி. ஆனால் இந்த மூன்றும் முறை வைத்து வருவதால், ஒன்றில் போவது மற்ற இரண்டில் திரும்பிவிடுகிறது. திரும்பி வருவதற்கென்று தனிக் கம்பி வேண்டாம். நூற்றுக்கணக்கான மைலுக்குப் பாதிக் கம்பி மிச்சம்.

பாய் கொஞ்சம் யோசித்தார்.

“மூணு வாங்குனா மூணு இலவசம்ங்கிறீங்க.”

கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன். அப்படியானால் இரண்டு போதாதா என்றார். இரண்டு என்றால் திரும்பி வர ஒரு கம்பி வேண்டும், அதுவும் தடிமனாக. எப்படியும் மூன்றாகிவிடும், அதற்கு மூன்றையுமே வேலை வாங்கலாம் என்றேன். நான்கு, ஐந்து? கம்பிதான் கூடும், பலன் அந்த அளவுக்குக் கூடாது.

கடைசியாகத் தன் மோட்டார் விஷயத்துக்கு வந்தார். மூன்று டீ கிளாஸை மேஜையில் வட்டமாக வைத்துக் காட்டினேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகத் தொட்டால் விரல் இடமிருந்து வலமாகச் சுற்றுகிறது. எந்த இரண்டு கிளாஸை இடம் மாற்றினாலும் விரல் எதிர்ப்பக்கம் சுற்றும். மோட்டாரும் அப்படித்தான்.

“சரி, கிளாஸை மாத்துனது யாரு?” என்றார்.

டீ ஆறிவிட்டது, இன்னொன்று சொல்லலாம் என்றேன்.

நவம்பர் 23, புதன்

அடைக்கலம் அண்ணனை அழைத்துக்கொண்டு குளத்துக்கரை வளைவுக்குப் போனேன். அண்ணாந்து பார்த்தேன். நடுக் கம்பியும் வலது கம்பியும் இடம் மாறியிருந்தன. கம்பிக்கு நிறமா இருக்கிறது, மூன்றும் ஒரே அலுமினியம். மின்னழுத்தம் பார்க்கும் கருவிக்கும் இது தெரியாது. அதற்கு மூன்றிலும் மின்சாரம் இருந்தால் போதும், யார் முன்னால் யார் பின்னால் என்பது அதன் கவலை இல்லை.

அண்ணன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

“சேத்துல கிடந்ததுல எது எதுன்னு எனக்குக் குழம்பிருச்சு மேடம். நேரா போடவா, மாத்திப் போடவான்னு உங்களக் கேட்டேன். நீங்க கையை இப்படி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டுனீங்க. மாத்தச் சொல்றீங்கன்னு நினைச்சேன்.”

அவர் செய்து காட்டிய கை அசைவு என்னுடையதுதான்.

அம்மா கூப்பிட்டாள். டிசம்பர் 4-க்குப் பச்சைப் பட்டா, அரக்கா என்று கேட்டாள். இரண்டும் நன்றாக இருக்கும் என்றேன்.

நவம்பர் 25, வெள்ளி

இதை இப்படியே விட்டுவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. ஊரில் எல்லோரும் அவரவர் மோட்டாரில் ஒயரை மாற்றிக்கொண்டுவிட்டார்கள். தண்ணீர் ஏறுகிறது, அரிசி வருகிறது. தவறு என்று ஒன்று இருப்பதே எனக்கும் அடைக்கலம் அண்ணனுக்கும்தான் தெரியும். அவர் யாரிடமும் சொல்லவில்லை. நான் சொல்லச் சொன்னால் சொல்வார், அது வேறு.

மதியம் ஆபீஸ் வாசலில் சத்தம். மேலக்காட்டு விவசாயி வீரையாவும் அவருடைய அண்ணன் மகன் மனைவி செங்கமலமும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டே வந்தார்கள். இருவருடைய ஆழ்குழாய்க் கிணறும் பக்கத்துப் பக்கத்தில். புயலுக்குப் பிறகு செங்கமலம் போரில் தண்ணீர் குழாய் நிறையக் கொட்டுகிறது. வீரையா போரில் சுண்டுவிரல் அளவுதான் வருகிறது. இவள் என் தண்ணீரை உறிஞ்சுகிறாள், இவள் மோட்டாருக்குக் கரண்டை நிறுத்துங்கள் என்கிறார் பெரியவர்.

“ஒன்பது வருஷமா உங்க தண்ணியப் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன். இப்ப எனக்கு மழத் தண்ணி ஊறுது. அதுக்கு நான் என்ன செய்யட்டும்?” என்றாள் செங்கமலம்.

நாளை வந்து பார்க்கிறேன் என்று அனுப்பினேன்.

நவம்பர் 26, சனி

மேலக்காடு போனேன். இரண்டு போருக்கும் நடுவில் ஒரு முள்வேலி. இரண்டுக்கும் ஒரே டிரான்ஸ்பார்மர், ஏறக்குறைய ஒரே ஆழம்.

முதலில் வீரையா ஸ்டார்ட்டரில் இரண்டு ஒயரை மாற்றிப் போட்டேன். தண்ணீர் குழாய் நிறைய வந்தது. பெரியவருக்குச் சந்தோஷம். வேலிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். அங்கேயும் குறையவில்லை என்றதும் சந்தோஷம் கொஞ்சம் குறைந்தது.

நான் வேலி ஓரமாகவே நின்றேன். புயலில் ஊர் மோட்டார் எல்லாம் தலைகீழாகச் சுற்றியது. செங்கமலத்தின் மோட்டார் மட்டும் அன்றிலிருந்துதான் ஒழுங்காக ஓடுகிறது. அப்படியென்றால் அது முன்பு தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருந்திருக்க வேண்டும். இதற்கு வேறு விளக்கம் இருக்கிறதா என்று கொஞ்ச நேரம் தேடினேன். போர் மோட்டார் பூமிக்கு அடியில் இருக்கிறது. எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று யார் கண்டார்கள்? எதிர்ப்பக்கம் சுற்றினாலும் கொஞ்சம் தண்ணீர் வரும். கொஞ்சம்தான் இருக்கிறது போல என்று நினைத்துக்கொள்வார்கள்.

செங்கமலம் மோர் கொடுத்தாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவளாக இருக்கலாம். கேட்காமலே சொன்னாள். போர் போட்ட வருடம் தண்ணீர் வரவில்லை. இன்னும் ஆழமாக இறக்கினார்கள், அப்போதும் வரவில்லை. நீரோட்டம் வேலிக்கு அந்தப் பக்கத்தோடு நின்றுவிட்டது என்றார்கள். வீட்டுக்காரர் மாரிக்கண்ணு சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போனார். மகள் வயிற்றில் இருந்தாள். இப்போது நாலாவது படிக்கிறாள், அப்பாவை லீவில் வந்த மூன்று முறை நேரில் பார்த்திருக்கிறாள்.

இந்தத் தடவை பெர்மிட் முடிகிறதாம். தண்ணீர் கொட்டுவதை வீடியோ எடுத்து அனுப்பினாளாம். அவர் பார்த்துவிட்டு, இது மழைத் தண்ணீர், சித்திரை வந்தால் ஓடிவிடும், இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போடப்போகிறேன் என்றாராம்.

“அவரு சொல்றதும் சரிதானே?” என்றாள்.

மோர் நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நவம்பர் 28, திங்கள்

செயற்பொறியாளர் போனில் கூப்பிட்டார். டிசம்பர் 4 ஞாயிறு, நமக்கு மின்சாரம் வரும் துணைமின் நிலையத்தில் பராமரிப்பு. அன்றைக்குக் கொன்றையூருக்கு வடக்கு லைனிலிருந்து மின்சாரம்.

வடக்கு லைனில் கம்பிகள் சரியான வரிசையில் இருக்கின்றன. அதிலிருந்து வந்தால் ஊரிலுள்ள அத்தனை மோட்டாரும் மறுபடி எதிர்ப்பக்கம் சுற்றும். அதுகூடப் பரவாயில்லை. ஊர் எல்லையில் இரண்டு லைனும் சந்திக்கும் சுவிட்ச் இருக்கிறது. வரிசை மாறிய லைனும் மாறாத லைனும் உயிரோடு இருக்கும்போது யாராவது அதைத் தள்ளினால் வெடிக்கும். தள்ளுகிறவர் அடைக்கலம் அண்ணனாக இருப்பார், அல்லது அவருக்குப் பின் வரும் யாரோ ஒருவர்.

அதனால் சொல்லிவிட்டேன்.

செயற்பொறியாளர் கேட்டது ஒரே கேள்வி.

“யாராவது எழுத்துல புகார் குடுத்துருக்காங்களாம்மா?”

“இல்லை சார்.”

“அப்ப நீயும் எழுத்துல குடுக்காத. ஞாயித்துக்கிழமை லைன் ஆஃப்ல இருக்கும்போது கம்பிய மாத்திப் போட்டுரு. மோட்டாரெல்லாம் அவங்கவங்க பாத்துப்பாங்க.”

பிறகு, நான் ஊருக்குப் போக வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தது அவருக்கு நினைவு வந்தது போல. பக்கத்துப் பிரிவிலிருந்து ஆள் அனுப்பட்டுமா என்று கேட்டார். வேண்டாம் சார், நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

சாயங்காலம் அம்மாவிடம், லீவு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள் என்றேன்.

டிசம்பர் 1, வியாழன்

நேற்றும் இன்றும் மோட்டார் வைத்திருக்கும் ஒவ்வொருவரையும் போய்ப் பார்த்தேன். ஞாயிறு காலை கரண்ட் நின்றதும் இரண்டு ஒயரைப் பழையபடி மாற்றிக்கொள்ளுங்கள், முடியாதவர்களுக்கு எங்கள் ஆட்கள் வருவார்கள். ஏன் என்று எல்லோரும் கேட்டார்கள். புயல் வேலையில் நாங்கள் கம்பியை மாற்றிப் போட்டுவிட்டோம் என்று எல்லோரிடமும் சொன்னேன். பத்துப் பேரிடம் சொன்ன பிறகு, ஸ்டவ் சரியில்லை என்று சொல்வது போலச் சாதாரணமாக வந்துவிட்டது.

மரவாடிக்காரர் மட்டும், பொம்பளைப் பிள்ளையை லைன் வேலைக்குப் போட்டால் இப்படித்தான் என்று என்னிடம் சொல்லாமல் ரம்பத்திடம் சொன்னார். மேலிடத்துக்கு எழுதப்போகிறாராம். ரம்பத்தை மாற்றிக்கொள்ள மறந்துவிட வேண்டாம் என்றேன். மறந்தால் பலகை ஆள்மேல் பாயும்.

நைனா முகமது பாய் வேறு மாதிரி கேட்டார்.

“அப்ப நான் திருப்புனது தப்பு. நீங்க திருப்பப் போறது சரி. ஆனா ரெண்டுலயும் அரிசி வருது. எதுதாம்மா சரியான பக்கம்?”

தனியாக எந்தப் பக்கமும் சரியில்லை, தப்பும் இல்லை என்றேன். எல்லா லைனும் ஒரே வரிசையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அம்மா பேசவில்லை. இரண்டு நாளாகத் தலைவலி இல்லை. வெந்நீரில் குளிப்பதால் இருக்கலாம்.

டிசம்பர் 2, வெள்ளி

செங்கமலத்தை மட்டும் கடைசியாக வைத்திருந்தேன். அவளுக்கு ஒன்றும் சொல்லாமல் ஞாயிற்றுக்கிழமை போய் ஒயரை மாற்றிவிட்டு வந்துவிடலாம். தண்ணீர் இதேபோலக் கொட்டும். மழை கொடுத்த தண்ணீர் என்று அவள் நினைத்துக்கொள்வாள். மாரிக்கண்ணு கையெழுத்துப் போடுவார். சித்திரையில் தண்ணீர் நிற்காதபோது இருவருக்கும் ஆச்சரியமாக இருக்கும். பெர்மிட்டில் அப்போது இன்னும் ஒன்றே முக்கால் வருடம் மீதி இருக்கும்.

போனேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். சொன்னேன்.

“அப்ப ஒன்பது வருஷமாத் தண்ணி இருந்துச்சா?”

“இருந்தது.”

“மோட்டாருதான் எதுத்த பக்கம் சுத்துச்சா?”

“ஆமா.”

மாடு குடித்து முடிக்கும் வரை வாளியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு, பழையபடி மாற்றிக் காட்ட முடியுமா என்று கேட்டாள். மெயினை அணைத்து, ஸ்டார்ட்டரில் இரண்டு ஒயரை மாற்றிப் போட்டு ஓடவிட்டேன். குழாயில் தண்ணீர் இளைத்து, வாய் ஓரமாக வழிந்தது.

“இதேதான்” என்றாள். “இத்தனதான் வரும். இதுல ஒரு பாத்தி நனைய அரை நாளாகும்.”

தெரிந்தவர் ஒருவரைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தாள். போதும், மாற்றுங்கள் என்றாள். மாற்றினேன். தண்ணீர் குழாய் நிறைய வந்து தொட்டியில் விழுந்தது. அவள் முகத்தைக் கழுவிக்கொண்டாள். வெகுநேரம் கழுவினாள்.

வீரையா போர் சித்திரையிலும் வற்றாது, அதே ஆழம்தான், ஆகவே இதுவும் வற்றாது என்றேன். தலையாட்டினாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டுச் சொன்னாள்.

“அந்த ஸ்டார்ட்டர் போர்டை மாட்டுனது அவருதாங்க. ஆளு வெச்சா செலவுன்னு அவரே ஒயரு இழுத்தாரு. பக்கத்துல நின்னு டார்ச் புடிச்சது நான்.”

நான் ஸ்டார்ட்டர் பெட்டியை மூடினேன்.

“அவருக்கு இது தெரிஞ்சா தாங்க மாட்டாரு. ஒன்பது வருஷம் வெயில்ல கம்பி கட்டுனாரு. நான் ஒண்ணு கேட்டா தப்பா நினைக்கக் கூடாது. கரண்ட் ஆபீஸ்லதான் அப்ப தப்பாக் குடுத்துட்டாங்கன்னு சொல்லிரவா? நீங்கதான் எல்லார்கிட்டயும் கம்பி மாறிப்போச்சுன்னு சொல்லிக்கிட்டு வர்றீங்களாம். அதோட இதுவும் ஒண்ணாப் போயிரும்.”

சொல்லுங்கள் என்றேன்.

டிசம்பர் 3, சனி

காலையில் செங்கமலம் ஆபீசுக்கு வந்து போனை நீட்டினாள். அவருக்கு நம்பிக்கை வரவில்லை, ஆபீசர் வாயால் சொல்ல வேண்டுமாம் என்றாள். ஆபீசில் அடைக்கலம் அண்ணனும் பில் கட்ட வந்தவர்கள் ஆறேழு பேரும் இருந்தார்கள்.

போனை வாங்கினேன். உங்கள் போருக்கு நாங்கள் கொடுத்த இணைப்பில் தவறு இருந்தது, இப்போதுதான் கண்டுபிடித்தோம் என்றேன்.

மாரிக்கண்ணு முதலில் மரியாதையாகத்தான் ஆரம்பித்தார். பிறகு குரல் ஏறியது. படித்தவர்கள்தானே நீங்கள், சம்பளம் வாங்குகிறீர்கள்தானே என்றார். ஒரு தடவை வந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்காதா என்றார். ஸ்பீக்கர் போடாமலே அறை முழுக்கக் கேட்டது. பில் கட்ட வந்தவர்கள் சுவரில் இருந்த காலண்டரைப் படித்தார்கள். கரண்ட் ஆபீசில் நிறையப் பேர் திட்டியிருக்கிறார்கள். இந்த மாதிரி யாரும் திட்டவில்லை.

“எம் பொண்ணு பொறந்தப்ப நான் இல்லீங்க. எங்கப்பா செத்தப்ப நான் இல்ல. உங்களுக்கு ரெண்டு கம்பி மாறிப்போச்சு, அவ்வளவுதானே?”

“தப்புதாங்க” என்றேன்.

அந்தப் பக்கம் பின்னால் ஏதோ இயந்திரம் ஓடும் சத்தம். அவர் கட்டடத்தில் ஏதோ ஒரு மாடியில் நின்றுகொண்டிருக்க வேண்டும். பிறகு மிகவும் தணிந்த குரலில் கேட்டார்.

“சித்திரையில இருக்குமா மேடம்?”

“இருக்கும்.”

“உறுதியாச் சொல்றீங்களா?”

“உறுதியாச் சொல்றேன்.”

செங்கமலம் போனை வாங்கிக்கொண்டு வெளியே வேப்பமரத்தடிக்குப் போனாள். அங்கே நின்று பேசினாள். என்ன பேசினாள் என்று கேட்கவில்லை. டீ குடித்தேன். இரண்டாவதும் குடித்தேன்.

அடைக்கலம் அண்ணன் அருகில் வந்து, ஒன்பது வருடத்துக்கு முன் அந்த இணைப்பைக் கொடுத்தது நான்தான், அதில் ஒரு தப்பும் இல்லையே மேடம் என்றார். தெரியும் அண்ணே என்றேன். அவர் என்னையும் வேப்பமரத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனார்.

டிசம்பர் 4, ஞாயிறு

காலை ஒன்பது மணிக்கு லைனை நிறுத்தினோம். குளத்துக்கரை வளைவில் அடைக்கலம் அண்ணன் ஏறினார். நடுக் கம்பியை நடுவுக்கும், வலது கம்பியை வலதுக்கும் மாற்றச் சொன்னேன். வாயால் சொன்னேன், கை இரண்டும் பைக்குள் இருந்தன. இறங்கியதும் நானே ஏணியில் ஏறிப் பார்த்தேன். அவர் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை.

வடக்கு லைனில் மின்சாரம் வந்தது. மில் ஓடியது, தொட்டியில் தண்ணீர் ஏறியது. மேலக்காட்டில் வேலிக்கு இரண்டு பக்கமும் நானே ஒயர் மாற்றினேன், இரண்டிலும் குழாய் நிறைய வந்தது. மாலையில் நம் லைனுக்குத் திரும்பினோம். எதுவும் எதிர்ப்பக்கம் சுற்றவில்லை. வெளிச்சம் வந்ததற்கு யாரும் கைதட்டவில்லை. பகலில் வெளிச்சம் போகவே இல்லையே.

மரவாடிக்காரர் மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. பலகை பாய்ந்து வேலியில் விழுந்ததாம். ஆளுக்கு ஒன்றுமில்லை.

தென்காசியில் பெண் இல்லாமலே மாப்பிள்ளை வீட்டார் வந்து பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அம்மா சாயங்காலம் கூப்பிட்டாள்.

“ஏட்டி, ஒனக்கு இஷ்டம் இல்லைன்னா வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதான?”

“இஷ்டம் இல்லம்மா.”

“இத அன்னைக்கே சொல்லுததுக்கு என்ன?”

அன்றைக்குச் சொன்னேன், கையால் என்றேன். அவளுக்குப் புரியவில்லை. நாளைக்கு விளக்கமாகப் பேசுகிறேன் என்றேன்.

டிசம்பர் 12, திங்கள்

மரவாடிக்காரர் எழுதிவிட்டார். மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டு ஆணை வந்திருக்கிறது. மழையில் தொழிலாளிக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று எழுதிவிடு என்றார் செயற்பொறியாளர். நான் போனில் பேசிக்கொண்டிருந்தேன் என்று எழுதினேன். ஒரே வரி. அடைக்கலம் அண்ணன் படித்துவிட்டு, இதில் என் பெயரே இல்லையே என்றார். தேவைப்படவில்லை என்றேன்.

டிசம்பர் 20, செவ்வாய்

என் பணிப் பதிவேட்டில் கண்டனம் ஏறிவிட்டது. மாவு மில்லில் மோட்டார் எரிந்த வாசனை என்று அழைத்தார்கள். போய்ப் பார்த்தால் பக்கத்துக் கடையில் முறுக்கு கருகியிருந்தது.

ஜனவரி 9, திங்கள்

காலையில் மாரிக்கண்ணு ஆபீசுக்கு வந்தார். சனிக்கிழமை வந்திறங்கினாராம். நான் நினைத்ததைவிட ஒல்லி. மூக்கும் நெற்றியும் வெயிலில் கறுத்து, ஹெல்மெட் வார் இருந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. அறையில் வேறு ஆள் இருக்கிறதா என்று பார்த்தார். அடைக்கலம் அண்ணன் வெளித் திண்டில் பிளையரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இரண்டு நாளாக போருக்குப் பக்கத்திலேயே இருந்தேன் என்றார். சித்தப்பா வீரையாவோடு பேசிக்கொண்டிருந்தாராம். அவருக்கு ஒன்பது வருடமும் தண்ணீர் கொட்டியிருக்கிறது.

“ஒரே டிரான்ஸ்பார்மர்ங்க. ஆபீஸ் லைன்ல தப்புன்னா அவருக்கும் தப்பா ஓடியிருக்கணும். அவருக்குச் சரியா ஓடியிருக்கு. அப்ப தப்பு லைன்ல இல்ல.”

நான் பேனாவை மூடினேன்.

“அந்த போர்டை மாட்டுனது நான்தான்” என்றார்.

மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு சற்று நின்றார். பிறகுதான் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன். அன்று போனில் பேசியதற்கு ஏதோ சொல்ல ஆரம்பித்தார். ஆபீசைத்தானே பேசினீர்கள், என்னை இல்லையே என்றேன். அவர் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அதைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

“ஒரே ஒரு உதவி மேடம். செங்கமலத்துக்குத் தெரிய வேணாம். ஒன்பது வருஷம் பிள்ளையையும் மாட்டையும் வெச்சுக்கிட்டு ஒத்தையாக் கெடந்தவ. நான்தான் காரணம்னு தெரிஞ்சா மனசு விட்டுப்போயிரும். கரண்ட் ஆபீஸ் தப்புன்னே இருக்கட்டும்.”

இருக்கட்டும் என்றேன்.

“சொல்லிர மாட்டீங்களே?”

“மாட்டேன்.”

அவர் எழுந்து, சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். போகும்போது அடைக்கலம் அண்ணனுக்கும் ஒரு வணக்கம் வைத்தார்.

அண்ணன் உள்ளே வந்து, என்ன புகார் மேடம் என்று கேட்டார். புகார் இல்லை, மோட்டார் நன்றாக ஓடுகிறது என்று சொல்ல வந்தார் என்றேன்.

“அதச் சொல்லவா?” என்றார் அண்ணன். “முப்பது வருஷமா இருக்கேன். அதுக்குன்னு இந்த ஆபீசுக்கு ஒருத்தரும் வந்ததில்லையே.”